முதலில் வடிந்த பாட்டில்

18 ஜனவரி 1998, ஞாயிறு. காப்பெல்.

பிரஷர் குக்கர் மூடியில் செப்புக் குழாயைச் செருகி, நேற்று கராஜில் முதன்முறையாகச் சாராயம் வடித்தேன். முதலில் சொட்டுவது விஷம், கொட்டிவிட வேண்டும் என்று படித்திருந்தேன். கொட்ட மனமில்லாமல் ஒரு பாட்டிலில் தனியாக வைத்தேன். சுதா கேட்டதற்கு, "கார் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்" என்று புளுகினேன்.

இன்று மத்தியானம் பாட்டில் காலி. பாப்பாவுக்குச் சளி என்று, அவள் தூங்கும்போது, அறையில் நீராவி விடும் ஹியூமிடிஃபையரில் சுதா ஊற்றியிருக்கிறாள். சுதாவுக்கும் மூக்கடைப்பு, வாசனை தெரியவில்லை. ஓடிப்போய் அதை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

"இந்தக் குளிர்லயா? பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

டாக்டரைக் கூப்பிட போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். வீட்டில் வடிப்பது இங்கே குற்றம். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. கோழைப் பயல் நான்.

பாப்பா எழுந்து பால் குடித்தாள், சிரித்தாள். இருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.

படுக்கும்போது சுதா சொன்னாள்: "இன்னிக்குத்தான் மூணு மணி நேரம் அசந்து தூங்கினா. அந்த டிஸ்டில்டு வாட்டர் இன்னும் ரெண்டு பாட்டில் பண்ணிக் குடுங்க."

சரி என்றேன்.