ஒயரில் கோளாறு இல்லை

மாமா,

இன்று கமுந்திங்கில் இருக்கும் என் பட்டறைக்கு ஒரு கேசட் ரெக்கார்டர் பழுதுபார்க்க வந்தது. பதிவு செய்யும்போது சத்தம் நின்று நின்று போகிறதாம். மைக்கைச் சொருகிப் பேசினேன். சத்தத்தின் அளவைக் காட்டும் முள் எகிறியது, சட்டென்று விழுந்து அப்படியே கிடந்தது. ஒயரை ஆட்டினேன், மறுபடி எழுந்தது. சின்னக் கோளாறுதான். ஆனால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். முள் அப்படி விழுந்து கிடந்ததை முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று ஒயரில் கோளாறு இல்லை.

எழுபதுகளின் கடைசி. சிலிம் ரிவர் பக்கத்தில் நீங்கள் கங்காணியாக இருந்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட, நீங்களும் அத்தையும் ஈப்போவுக்கு வந்திருந்தீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த நான் உங்கள் வீட்டில்தான் தங்கினேன். அம்மாவின் அண்ணன் வீடு, சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வீடு. உங்கள் குறட்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். 'லோரி மாமா' என்று பெயரே வைத்துவிட்டோம். பகலில் காப்பிக் கடையில் கோப்பையைப் பிடித்தபடியே தூங்குவீர்கள். யாரும் கவலைப்படவில்லை. "இருட்டுல பெரட்டுக்கு எழுந்து, ஆளுங்கள வரிசையா நிறுத்திக் கணக்கு எடுத்த மண்டோரு. இப்பதான் தூங்குறாரு, விடுங்கலா" என்பார்கள். குறட்டை விடுகிறவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மதியம், சாய்வு நாற்காலியில் நீங்கள் அயர்ந்திருந்தபோது பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். தீபாவளிக்குப் போட்டுக் காட்டத்தான். முள் துள்ளியது. பிறகு விழுந்தது. எழவில்லை. மைக் ஒயரைத் தட்டினேன், பிளக்கைத் திருகினேன். திடீரென்று நீங்கள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர் போல ஒரு இழுப்பு இழுத்தீர்கள். முள் கடைசி வரை போய் மோதியது. மறுபடி விழுந்தது. நான் மறுபடி ஒயரைத்தான் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் இருந்த உங்கள் நெஞ்சைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அந்தச் சத்தமில்லாத இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, குறட்டையை மட்டும் வேறு கேசட்டுக்கு மாற்றினேன். ஒட்டியதே தெரியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

தீபாவளியன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கேசட்டைப் போட்டேன்.

"டேய், இது மாமாவா, மேடு ஏறுற ரப்பர் பாலு லோரியா?" என்றார் ஒருவர்.

"இனிமே நான் குறட்டையே விடறதில்லன்னு சொல்லட்டும் பாப்போம்!" என்றாள் அத்தை.

நீங்களும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "நல்ல இஞ்சினுலா! எங்கயும் நிக்காம ஓடுது பாரு."

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள்: "நடுவுல நின்னு போவுமே, அது எங்கடா?"

"அது வெறும் டேப் வேஸ்ட் அத்தை. வெட்டிட்டேன்."

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அத்தை அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சில வருடங்களில் நீங்கள் மறக்கத் தொடங்கினீர்கள். முதலில் சாவி, பிறகு பெயர்கள். ஒருநாள் ஈப்போ பஸ் நிலையத்தில் தோட்டத்து லோரிக்காகக் காத்து நின்றீர்கள். தேடி வந்த நான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "தோட்டத்த வித்தாச்சு மாமா! எத்தன தடவ சொல்றது? மண்டையில ஏறாதா?"

"ஏறுது மாப்ளே," என்றீர்கள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "தங்க மாட்டேங்குது."

பிறகுதான் ஆஸ்பத்திரி. அந்த டாக்டரம்மா மறதியைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டு, கடைசியில் தூக்கத்துக்கு வந்தார். "படுத்திருக்கும்போது மூச்சு நின்னு நின்னு வருமா?"

அத்தை என்னைப் பார்த்தாள்.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் மூளைக்குப் போகிற பிராணவாயு குறையும், வருடக்கணக்கில் அப்படி நடந்தால் ஞாபகசக்தியைப் பாதிக்கலாம் என்றார். உங்கள் மறதிக்கு அதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை; வயதும் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம், இதெல்லாம் டாக்டர்களே இப்போதுதான் கவனிக்கிறார்கள் என்றார். "முன்னயே யாராச்சும் கவனிச்சுச் சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம்." நான் 'டேப் வேஸ்ட்' என்று வெட்டியது அந்த இடங்களைத்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் போய் வருடம் திரும்பப் போகிறது. கடைசியில் நான் யாரென்று தெரியாமலே என்னிடம் மரியாதையாகப் பேசினீர்கள். "உக்காருங்க சார், காப்பி குடிக்கிறீங்களா?" அது இன்னும் காதில் இருக்கிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் தங்கை அல்லவா, அதே குறட்டை. டாக்டரிடம் போகலாம் என்றால், "கொறட்டைக்கெல்லாம் டாக்டரா? கேட்டா சிரிப்பாங்கடா" என்று கூசுகிறாள். அடுத்த வாரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; தூக்கிக்கொண்டாவது போவேன்.

இன்று மதியம் அந்த ரெக்கார்டரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். குறட்டை ஓடியது, நின்றது. நெஞ்சு எழவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினேன். ஒரு பெரிய இழுப்போடு கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டா எழுப்புன? ரொம்ப சத்தமா இருந்துச்சா?"

"ஒரு சத்தமும் இல்லம்மா," என்றேன். "அதான் எழுப்புனேன்."