ஜெபமணி எரிக்கும் கலோரி

செவ்வாய் நாள் 141, மாலை 18:40

பதிவு: டாக்டர் பூங்கோதை, உடலியல்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: இங்கே இரண்டே பேர். தலைமைக் கூடாரத்தில் நான். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, துளைக் கூடாரத்தில் ஜெபமணி. பாறை துளைப்பவன், நாசரேத்துக்காரன். கணுக்கால் முறிந்து உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கிறான். நிவாரணக் கலம் தாமதமாகிறது. இருக்கிற சாப்பாட்டை இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு உடம்பும் நாளுக்கு எத்தனை கலோரி எரிக்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. கிடங்கைப் பூட்டிவைத்துப் படியளப்பது அளவன் என்ற இயந்திரம்.

அளவனுக்குப் பூமியிலிருந்து இன்று புது நிரல் வந்திருக்கிறது. இனி சாப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டாம். ரேடியோவில் நாங்கள் பேசுவதைக் கேட்டு அதுவே குறித்துக்கொள்ளுமாம். ஒரு தொல்லை விட்டது.

மாலைத் தொடர்பு, வழக்கம்போல்:

"ஜெபமணி, சாப்ட்டாச்சா?"

"ஆச்சுக்கா. நீங்க சாப்ட்டியளா?"

"ஆச்சு."

செவ்வாய் நாள் 150, காலை 09:15

ஜெபமணி எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. தின்றதையும் உடம்பில் கரைந்ததையும் கூட்டினால் எரித்தது வந்துவிடும். அளவன் கூட்டிச் சொல்கிறது: நாளுக்கு 3,700 கலோரி.

மரம் வெட்டுகிறவனுக்கு இது சரி. காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் பாதியே தாராளம். கணக்கு உதைக்கிறது.

செவ்வாய் நாள் 157, பகல் 13:05

எடை இன்னும் இறங்கிவிட்டது. கேட்டால் தினமும் அதே "ஆச்சுக்கா". அவனுக்குப் படி கொண்டுபோகும் வண்டி தினமும் தானாகப் போய்த் தானாகத் திரும்புகிறது.

ஒன்று, எனக்குத் தெரியாமல் ஏதோ பாடுபடுகிறான். அல்லது தின்னாமல் பதுக்குகிறான். பூமிக்குத் திரும்பும் ஓடம் அவன் கூடாரத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அதில் ஓர் இருக்கைதான் பழுதில்லாமல் இருக்கிறது. வழிக்குச் சாப்பாடு சேர்ந்துவிட்டால் ஒருவன் கமுக்கமாகக் கிளம்பிவிடலாம்.

கணுக்கால் முறிந்தது என்பதும் அவன் சொன்னதுதானே? நான் போய்ப் பார்க்கவில்லை. இனி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கப் போகிறேன்.

செவ்வாய் நாள் 163, மாலை 17:30

வேறு வழியில் கணக்கிட்டேன். உடம்பு எரித்த சாப்பாடு மூச்சில் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. அவன் கூடாரத்துக் காற்றுச் சலிப்பான் அதை அளக்கிறது. அதில் அவன் என் காதில் பூச்சுற்ற முடியாது.

விடை: 1,200. அப்படியென்றால் எந்த வேலையும் செய்யவில்லை. பதுக்கல்தான். இன்று நலம் விசாரிக்கவில்லை, நேராகவே கேட்டேன்.

"ஜெபமணி, உண்மையச் சொல்லு. சாப்பாட்ட எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டிய."

துண்டித்துவிட்டான். குட்டு வெளிப்பட்டால் ரோஷம் பொத்துக்கொண்டுதான் வரும். அவன் படியைப் பாதியாகக் குறைக்கும்படி அளவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அதே நாள், 17:50

அளவனின் பதில், அப்படியே:

"குறைக்க இயலாது. நாள் 141 முதல் அவருக்குப் படி அனுப்பப்படவில்லை. வண்டியில் தண்ணீரும் மின்கலமும் மட்டுமே சென்றன. அவர் தினமும் சாப்பிட்டுவிட்டதாகத் தெரிவித்தார்; அது முழுப் படியாகக் கணக்கில் ஏற்றப்பட்டது. அவரிடம் சொந்தக் கையிருப்பு உள்ளதாகக் கருதப்பட்டது. சாப்பிட்டவருக்கு அனுப்புவது வீண்."

மூன்று தடவை படித்தேன்.

நம்மிடம் யாராவது சாப்ட்டாச்சா என்று கேட்டால் வேறென்ன சொல்வோம்? பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும், ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாலும், வயிறு காய்ந்து கிடந்தாலும் ஆச்சு என்போம். அது சாப்பாட்டைப் பற்றிய தகவலே இல்லை. வணக்கம் சொல்வது மாதிரி. நிரல் எழுதியவர்களுக்கு யார் அதைச் சொல்வது? என் படி காலையிலேயே கைக்கு வந்துவிடுவதால் என் "ஆச்சு" என்னைப் பட்டினி போடவில்லை.

சோறு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. சொல்ல மாட்டான். கிடங்கு காலி, அக்காவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பான். நான் அவனைத் திருடன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

நிரலை மாற்றப் பூமியின் அனுமதி வேண்டுமாம். பூமி சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது, தொடர்பே இல்லை. ஆனால் இன்று அவன் இன்னும் "ஆச்சு" சொல்லவில்லை. அதனால் இன்றைய படியோடு வண்டியைக் கிளப்புகிறது அளவன். என் பங்கையும் பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறுகிறேன்.

அதே நாள், 18:35. குரல் பதிவு, வண்டியிலிருந்து

ஆறு கிலோமீட்டர் தாண்டியாயிற்று. இவ்வளவு நேரமும் கூப்பிட்டேன். இப்போதுதான் எடுத்தான்.

"ஜெபமணி! கேக்குதாடா?"

"கேக்குதுக்கா."

கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல். உயிரோடு இருக்கிறான். அழுதுவிட்டேன்.

"சாப்ட்டியா?"

நான்தான் கேட்டேன். எல்லாம் தெரிந்த நான். வாய் தானாகக் கேட்டுவிட்டது. சொல்லாதே என்று கத்துவதற்குள்:

"ஆச்சுக்கா."

வண்டி நின்றது. திரும்புகிறது. இதில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக் கிடையாது.

18:39

யோசிக்காமல் பையோடு குதித்துவிட்டேன். காற்றுக் குழாய் வண்டியோடு போய்விட்டது. முதுகுப் புட்டியில் இருக்கும் காற்று பாதி வழிக்குத்தான் வரும். நடக்கிறேன். மூச்சு வாங்குகிறது.

"ஜெபமணி, பசிக்குதுன்னு சொல்லு. வெக்கப்படாதடா. நீ சொன்னாத்தான் வண்டி திரும்பி வரும். சொல்லு."

இரைச்சல்.

"ஜெபமணி!"

"எனக்கு அனுப்பிட்டா உங்களுக்கு இருக்காக்கா?"