பார்ட்லிக்கு நோய் இல்லை

டப்ளின்
9 செப்டம்பர் 1971

பிரியமுள்ள பாபின்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கோட்டு முழுக்க உங்கள் அடுப்புப் புகை வாசம். நூலகத்தில் பக்கத்து மேசைக்காரி மூக்கைப் பொத்துகிறாள். நான் துவைப்பதாக இல்லை.

இந்தக் கோடையில் உங்கள் கோனமாராவில் படித்த சொற்களையெல்லாம் நல்ல நோட்டில் எழுதிவிட்டேன். கால்களை ஆடவைக்கும் மெட்டு 'போர்ட்'. பாடும் மெட்டு 'ஃபூன்'. ஆசைக்கும் அதே சொல். பாட்டை நீங்கள் 'பாடு' என்பதில்லை, 'சொல்லு' என்கிறீர்கள். பள்ளியில் பத்து வருடம் ஐரிஷ் படித்தேன், இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. உன் வீட்டுக்காரர் கோல்மனின் கிண்டல் இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, பாட்டு காதுல நுழையுதா, நோட்டுல நுழையுதா?"

கடலில் மூழ்கிப்போன உன் அண்ணன் பார்ட்லிக்காக உன் அம்மா கட்டிய பாட்டையும், நீ சொன்னபடி எழுதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் புத்தகமாகப் போடட்டுமா?

உன்
எத்னா

*

கோனமாரா
4 நவம்பர் 1974

எத்னா,

பாட்டுப் போட்டி முடிந்து பத்து நாளாயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

நடுவர் மேசையில் உன்னைப் பார்த்ததும், நம்மவள்தானே என்று தைரியமாக மேடை ஏறினேன். முடித்ததும் உன் பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் உன் புத்தகத்தை விரித்து, அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "குரல் அருமைம்மா. ஆனா மூணாவது அடியில வார்த்தையை மாத்திட்டீங்களே. 'நோயில் கிடக்கிறான்'னு இல்ல வரணும்?"

நீ பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

'அலையில் கிடக்கிறான்.' அதுதான் அம்மா கட்டியது. எங்கள் 'டீன்' என்ற சொல்லில் முதலெழுத்தைத் தடித்துச் சொன்னால் அலை, மெலித்துச் சொன்னால் நோய். டப்ளின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நோட்டில் எழுதிய அன்று நீ தப்பாகக் கேட்டுவிட்டாய், அதில் குற்றமில்லை. போட்டியன்று வாய் திறந்திருக்கலாமே? எங்கள் வழக்கப்படி என் கையைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே அந்தப் பாட்டைக் கேட்டவள் நீ.



பாபின்

*

டப்ளின்
19 நவம்பர் 1974

பாபின், தங்கமே,

நீ அந்த அடியைச் சொன்ன நொடியே எனக்கு உறைத்துவிட்டது. ஆனால் அந்தப் புத்தகம் இப்போது பள்ளிகளில் பாடம். கல்லூரியில் எனக்கு வேலை முடிவாகும் சமயம். முடிவு செய்பவரே அந்தக் கண்ணாடிக்காரர். அலைக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அவர் முன்னால் நானே எப்படிச் சொல்லிக்கொள்வது?

ஓர் எழுத்துதானே, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடுவேன். கோபத்தை விடு. கோடையில் வந்து அம்மாவிடம் மிச்சப் பாட்டுகளையும் எழுதிக்கொள்ளட்டுமா?

என்றும் உன்
எத்னா

*

கோனமாரா
2 டிசம்பர் 1974

செல்வி எத்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நேற்று ஞாயிறு பூசை முடிந்து, கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் பார்ட்லியின் பாட்டைச் சொன்னார்கள், உங்கள் புத்தகத்தில் உள்ளபடி. முன்வரிசையில் இருந்த என் அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள்: "யாருக்குடி நோய்? எம்புள்ளைக்கா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைக் காட்டினாள்: "இப்படித்தாம்மா போட்டிருக்கு. உங்க பொண்ணு சொன்னதாம். பேரே இருக்கு பாருங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் இருந்த இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. உடல் கரை ஒதுங்கவே இல்லை. கட்டிலில் கிடந்து செத்தான் என்று நானே ஊருக்குச் சொல்லிவிட்டதாக அம்மா நினைக்கிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மிச்சப் பாட்டுகளைக் கேட்டிருந்தீர்கள். இன்று காலை கஞ்சி கொடுக்கும்போது, ஒன்று சொல்லம்மா என்று கெஞ்சினேன். "உனக்கு எதுக்கு? எவ நோட்டுல எழுத?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோடையில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி கோல்மன்