முதல் கதிரையில் இருக்கும் பை

நமுனுகுல,
திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய ரகு சேருக்கு, ரெங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் கோபப்படுவீர்கள் என்று உங்கள் வீட்டம்மா ஜெயமலர் டீச்சர் சொன்னதால் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு எத்தனையோ தடவை ஃபோன் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் டீச்சர்தான் எடுத்தார். “கதைக்க ஏலாதவனுக்கு ஃபோன் என்னத்துக்கு எண்டு எழுதிக் காட்டுறார், ரெங்கசாமி. நீங்கள் கடிதமாப் போடுங்கோ, அதை வாசிப்பார்” என்றார். ஆகவே எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, ஓரிடத்தில் உட்கார்ந்தும் பழக்கமில்லை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாடும் நேரத்தில் பாதியும் லயத்து வீட்டில் பாதியுமாக எழுதுகிறேன். கையெழுத்து ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தி. கூடைப்பந்துப் பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். பதுளை நகர அணியை நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் மூன்று புள்ளியில் வென்றார்கள். இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் நமக்கு. ஆனால் எனக்குச் சந்தோஷம் இல்லை, சேர். ஆட்டம் முடிந்து எல்லோரும் துள்ளும்போது நான் மட்டும் பல்வலி வந்தவன் போல நின்றேன்.

காரணம் இனாயா டீச்சர். நூருல் இனாயா என்று முழுப்பெயர், ஹாலிஎல பாடசாலையில் விளையாட்டு டீச்சர். உங்களுக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் ஆகி நீங்கள் யாழ்ப்பாணம் போனதும் சுபாஜினிதான் கப்டன் என்ற முறையில் போய்க் கேட்டு அழைத்து வந்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. ஆனால் சத்தமே இல்லை. நீங்கள் கோட்டோரம் நின்று “ஓடுங்கோ பிள்ளையள், நிண்டா அடி விழும்” என்று கத்தினால் நமுனுகுல மலையில் மோதித் திரும்பி வரும். இந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. டைம்அவுட்டில் நம்மவர்களைப் பார்த்து, “நீங்க என்ன பார்த்தீங்க, சொல்லுங்க” என்று கேட்கிறது. கோச் சொல்ல வேண்டியதை ஆடுபவர்களிடம் கேட்டால் என்ன அர்த்தம்?

உங்கள் ஆட்டம் வேறு. நம் பிள்ளைகளுக்கு உயரம் இல்லை, மலை ஏறி இறங்கிய மூச்சு இருக்கிறது, அதனால் மைதானம் முழுக்க விரட்டு என்பீர்கள். இனாயா டீச்சர் விரட்டவே விடுவதில்லை. பந்தைக் கைமாற்றி, கைமாற்றி, எதிரி சலித்துப்போன பிறகு போடச் சொல்கிறது. ‘பெரட்டை’யும் நிறுத்தியாகிவிட்டது. நீங்கள் “பெரட்டு” என்று கத்தினால் ஐந்து பேரும் பந்து வைத்திருப்பவளை மொய்த்துக்கொள்வார்களே, அந்த வித்தை இப்போது இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுகிற மாதிரி கூட வேண்டும் என்று, அதே களத்தில் கூடையை மாட்டி வைத்து, நீங்கள் பழக்கியது. வென்றாலும் அது நம் ஆட்டம் மாதிரி இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. டீச்சர் முதல் கதிரையில் உட்காருவதில்லை. அதில் துவாய்ப் பையை வைத்துவிட்டு இரண்டாவதில் உட்காருகிறது. கோச் உட்காரும் இடத்தில் பையா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் சுபாஜினிக்கு அனுப்பிய செய்தியை எல்லோரும் பார்த்தோம். குரல் போனவன் கோச் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இப்போது கையில் இல்லை. வந்ததும் எழுதுவேன்.

என் வீட்டில் அங்கம்மா உங்களையும் டீச்சரையும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

பணிவுடன்,
ரெங்கசாமி

————

நமுனுகுல,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய ரகு சேருக்கு,

வணக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். தோற்றது என்னால். மழுப்ப ஒன்றுமில்லை.

கடைசி நிமிஷம். ஒரு புள்ளி நாம் முன்னால். பந்து அவர்கள் கையில். நம் பிள்ளைகள் இனாயா டீச்சர் சொன்னபடி ஆளுக்கு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு அழகாக நின்றார்கள். அப்படியே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் வழக்கம்போலக் கோட்டோரம் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தேன். திருவிழா அடிதான் அடித்தேன். ஆனால் அந்தப் பதற்றத்தில் கை தன்பாட்டில் போய்ப் பெரட்டுத் தப்புக்கு மாறிவிட்டது. நம் டிவிஷனில் இன்றைக்கும் காலையில் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிப்பது நான்தானே. அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்?

அவ்வளவுதான். ஐந்து பேரும் தாங்கள் பிடித்திருந்தவளை விட்டுவிட்டு, பந்து வைத்திருந்தவளிடம் ஓடினார்கள். யாரும் யோசிக்கவில்லை. தப்பு கேட்டது, கூடினார்கள். அந்தப் பெண் தலைக்கு மேலால் மூலைக்கு எறிந்தாள். மூலையில் நின்றவளைச் சுற்றி ஈ காக்கை இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுக்கூடப் போட்டிருக்கலாம். போட்டாள், விழுந்தது.

உலகத்தில் வேறெந்த அணியும் இப்படித் தோற்றிருக்காது. அங்கம்மா, “ஒனக்கு அந்தப் புள்ளைக மேல என்னய்யா கோவம்? பந்த வாங்கி நீயே அவளுக கையில குடுத்துட்டு வந்திருக்கலாம்” என்றாள். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் என்னைக் கண்டால் கூடையில் தட்டிப் பெரட்டுத் தாளம் போடுகிறார்கள். நகர அணிக்காரர்கள் நாம் சைகை வைத்து ஆடியதாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். தோற்பதற்கு யாராவது சைகை வைப்பார்களா? ஆனாலும் மூன்றாவது ஆட்டத்துக்குத் தப்பு கொண்டுவரக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் இனாயா டீச்சரிடம் போய் நின்றேன். நீங்களாக இருந்தால் தப்பைப் பிடுங்கி என் தலையில் மாட்டியிருப்பீர்கள். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. “அண்ணன், புள்ளைகள் உங்கட அடிக்கு ஓடல்ல. சேர் பழக்கினதுக்கு ஓடினாங்க. நான் இத்தனை நாள் நிப்பாட்டி வெச்சும் அது கால்ல இருந்து போகல்ல” என்றது. பிறகு, “பெரட்டு நல்ல ஆயுதம் அண்ணன். எந்த நேரத்தில போடணும் எண்டுதான் எனக்குத் தெரியல்ல. அதால தான் நிப்பாட்டினேன்” என்றது. தனக்குத் தெரியாது என்று சொன்ன கோச்சை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பையைப் பற்றியும் கேட்டேன். சுபாஜினிதான் வைக்கிறாளாம். அந்தக் கதிரையில் யாரையும் உட்கார விடமாட்டாளாம். டீச்சர் வந்த முதல் நாளே, “இது சேர் கதிர. நீங்க தப்பா நெனைக்காதீங்க டீச்சர்” என்று சொல்லியே வைத்தாளாம். அதைத்தான் நான் போன கடிதத்தில் எரிச்சலாக எழுதினேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் செய்திக்குப் பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில் பிளேஆஃப் நடக்கிறது, பார்க்கிறீர்களா தெரியாது. அங்கே இரவு, நமக்கு விடிகாலை. ஸ்டோரில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலை தண்ணீர் டாங்கிப் பக்கம். தலைக்கு மேலே ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கருடைய அறை என்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க முடியும். பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரைக்கும் போகும். மாமியார் வீட்டில் தங்குகிற மாதிரிதான் அது. முதல் நாள் மரியாதை, மூன்றாம் நாளுக்குள் யார் எப்படி என்று எல்லாம் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு கோச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஆட்டம்.

அதில் ஒரு அணியின் கோச் உங்கள் சாதி, ஆட்டம் முழுக்கக் கத்துகிறார். மற்றவர் இனாயா டீச்சர் சாதி, கையைக் கட்டிக்கொள்கிறார். நான் எப்போதும் கத்துகிறவர் பக்கம்தான். ஆனால் சத்தம் இல்லாமல் பார்க்கும்போது ஒன்று தெரிந்தது, சேர். அந்தக் கூட்டத்து இரைச்சலில் ஆடுகிறவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது. அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பது கோச்சின் கையை, முகத்தை. கத்துகிற கோச்சுக்கும் அதுதான், கத்தாத கோச்சுக்கும் அதுதான். ஃபோனில் சத்தம் இல்லாதபோது இரண்டு பேரும் ஒன்றுதான்.

நம் ஆட்டங்களை நினைத்துப் பார்த்தேன். நான் அடிக்கிற தப்பில் உங்கள் குரல் என்றைக்குக் கேட்டது? “ரெங்கசாமி, உந்தத் தப்பை நிப்பாட்டு” என்று நீங்கள் கத்துவதே எனக்குக் கேட்காது, வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வேன். அப்படியானால் பிள்ளைகள் இவ்வளவு காலமும் ஓடியது உங்கள் குரலுக்கு இல்லை. குரல்வளையை எடுத்த டாக்டர்கள் உங்களுக்குள் இருந்த கோச்சை எடுக்கவில்லை. இதுதான் என் கையில் வந்த பதில்.

வாருங்கள் சேர். வந்து முதல் கதிரையில் உட்காருங்கள். பெரட்டு போட வேண்டிய நேரத்தில் கையைத் தூக்கினால் போதும். மற்றதை இனாயா டீச்சர் பார்த்துக்கொள்ளும்.

பணிவுடன்,
ரெங்கசாமி

————

பதுளை பஸ் ஸ்டாண்ட்,
வியாழன் மாலை.

மதிப்புக்குரிய ரகு சேருக்கு,

வணக்கம். இதைத் தபாலில் போட்டால் ஆட்டம் முடிந்துதான் கிடைக்கும். யாழ்ப்பாண பஸ்ஸில் ஓடுகிற ஸரூக் தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் எடுக்கப் போகிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன்.

இன்று காலை ஜெயமலர் டீச்சர் ஃபோனில் எல்லாம் சொன்னார். என் இரண்டாவது கடிதத்தைப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தீர்களாம். “சத்தம் வரேல்லை, ஆனா சிரிச்சவர். ஆசுப்பத்திரியால வந்த பிறகு இண்டைக்குத்தான்” என்று சொல்லும்போதே டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, “எந்த நேரம் கூடினவை? பந்து எந்தப் பக்கம் நிண்டது?” என்று எழுதிக் கேட்டீர்களாம். அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பந்து ஓரக் கோட்டிலிருந்து தள்ளி, நடுவில் நின்றது. நடுவில் நிற்கும்போது கூடக்கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கே தெரிகிறது. அந்த நேரத்தில் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் டீச்சர் சொன்னார். விசிலை எடுத்து வாயில் வைத்தீர்களாம். ஊதினால் காற்று வாய்க்கு வராமல் கழுத்தில் மூச்சுக்கு வைத்த துளை வழியாலேயே போய்விட்டதாம். விசிலைக் கட்டிலில் எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் இன்னும் எழும்பவில்லை என்றார். சேர், உங்கள் முன்னால் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. நல்ல வேளை, கடிதம். விசில் நடுவருடைய வேலை. அவர் ஊதட்டும்.

கழுத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நீங்கள் நினைப்பதாகவும் டீச்சர் சொன்னார். இந்தக் குளிரில் இங்கே கழுத்தில் மஃப்ளர் சுற்றாத ஆண்பிள்ளை யார் இருக்கிறான்? மூச்சுக்கு இடம் விட்டு நீங்களும் ஒன்றைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் ஒருவராக இருப்பீர்கள். வேண்டாம் என்றால் சுற்றாமலே வாருங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். முழங்கால் சிராய்ந்து இரத்தம் ஒழுகியும் ஆடுகிற பிள்ளைகள் இவர்கள், ஒரு கழுத்தைப் பார்த்தா பயப்படுவார்கள்?

சுபாஜினி இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆட்டத்தைப் பற்றிய கவலை என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். நேற்று பயிற்சி முடிந்து என்னிடம் வந்து, “சேர் வருவாரா அண்ணே?” என்று கேட்டாள். நான் பந்தைத் துடைத்தேன். இனாயா டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்காதது போலத் திரும்பி நின்றது. இந்த அணியில் இப்போது எல்லோரும் உங்களைப் பற்றியே பேசாமல் இருக்கிறார்கள்.

கிண்ணம் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது பொய். கிண்ணமும் வேண்டும், நீங்களும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்று கேட்டால், சேர், அதை என்னை எழுத வைக்காதீர்கள். உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆட்டத்துக்கு நான் தப்பை லயத்தில் வைத்துவிட்டுத்தான் மைதானத்துக்கு வரவேண்டும். அது இல்லாமல் நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று இப்போதே தெரியவில்லை. உங்கள் கதிரைக்குப் பின்னால் நிற்க இனாயா டீச்சர் அனுமதி வாங்கித் தந்திருக்கிறது. உங்களுக்குக் குரல் இல்லை, எனக்குத் தப்பு இல்லை. இரண்டு பேரும் வாயையும் கையையும் மூடிக்கொண்டு நம் பிள்ளைகள் ஆடுவதை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்ப்போம்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறினால் ஞாயிறு காலையில் இங்கே வந்துவிடலாம். ஜன்னலோர இடம் வைக்க ஸரூக்கிடம் சொல்லிவிட்டேன். டீச்சரும் கூட வரட்டும், அங்கம்மா சமைக்கிறேன் என்று நிற்கிறாள். பஸ் வரும்போது நான் இதே இடத்தில் நிற்பேன். நீங்கள் இறங்கினால் போதும், என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நமுனுகுல முருகன் உங்கள் மூச்சைக் காக்கட்டும்.

உங்கள்,
ரெங்கசாமி