பூசாரி வந்தால் நீயே உட்கார்

அண்ணா,

நீ வரச்சொன்ன கே.ஜி.கண்டிகைப் பூசாரி மத்தியானம் வருவார். வேப்பிலையை நீயே ஒடித்துக்கொள். சோறு பானையில் இருக்கிறது.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன் என்று எனக்குப் பேய் பிடித்ததாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாய். என் கையிலிருந்த புத்தகம் உன் கண்ணில் படவில்லையா? பழைய காலத்துச் சீமைக் காதல் கதை அது. ஒரு பிரபு இறுக்கமான கால்சராயோடு மண்டியிட்டு, "என்னைக் கட்டிக்கொள்" என்கிறான். அவளோ யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறாள். எழுந்தால் கால்சராய் கிழியும் என்று அவன் அங்கேயே கிடக்கிறான். இதற்குச் சிரிக்காதவனுக்குத்தான் மந்திரிக்க வேண்டும்.

நேற்று அண்ணிக்குத் தமிழில் சொன்னேன். "அய்ய, இன்னும் முட்டி போட்டுக்கினே கீறானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். உன் கணக்குப்படி வீட்டில் இப்போது இரண்டு பேய். இரண்டும் புத்தகத்தோடு மலைக்குப் போகின்றன. கதை முடிந்த பிறகுதான் இறங்குவோம்.

அழைத்த பூசாரி யாருக்கும் மந்திரிக்காமல் திரும்பினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நீதானே சொன்னாய். தெருவே வேடிக்கை பார்க்க வரும். நீயே உட்கார்.

மரகதம்

அண்ணி எழுதச் சொன்னது: "சட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க. நேத்துதான் தொவச்சேன், மஞ்சத்தண்ணி பட்டா கறை போகாது."