மேகமில்லாத நாளில் வந்த தண்ணீர்

12 நவம்பர் 2007, திங்கள்

நெஞ்சு வலி வந்தபின் என் வீட்டுக்காரரை டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மேடு பள்ளமில்லாத வழி என்று ஆற்றங்கரை சிமென்ட் பாதையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். மாலையில் கிளம்பும்போது, ஏரி மதகைத் திறந்துவிட்டதாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வானத்தில் மேகமே இல்லை. "வருஷா வருஷம் சொல்றதுதான், வாங்க" என்றேன்.

இவர் முன்னால் போய், பாதை ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தின் நடுவில், பின்னால் நடந்து வந்த எனக்காக நின்றார். சக்கரம் பாதி மூழ்குவதைப் பார்த்தேன். கையை மட்டும் ஆட்டினேன். கரையில் மாடு மேய்த்த ஆள்தான் கத்தினார்: "யோவ், தண்ணி ஏறிக்கினு கீது, சைக்கிள உட்டுட்டு ஓடியாய்யா!"

இவர் விடவில்லை. தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? கால் கழுவிக்கினேன், அவ்ளோதான். நாளைக்கும் போலாம்."

இப்போது தூங்குகிறார். மூச்சு வருகிறதா என்று மறுபடி எழுந்து போய்ப் பார்த்தேன். சைக்கிள் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பூட்டோடு கொடுத்த இன்னொரு சாவி எங்கே என்றுதான் தெரியவில்லை.