படத்துக்கு முன் வைத்த அரிசி

21.4.1967, வெள்ளி.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். உச்சிப்புளிப் பள்ளிக்கூடத்தில் போட்டோ கண்காட்சி என்றதும், நம்மையும் படம் பிடிப்பார்கள் என்று நம்பி முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு போனேன். சுவரெல்லாம் பீகார் பஞ்சத்துப் படங்கள். தயாராக வைத்திருந்த சிரிப்பை விழுங்கினேன்.

எங்கள் பக்கம் செத்தவர்களைத்தான் படமாக மாட்டுவோம். அதனால் வயல்வேலைக்குப் போகும் காளியம்மாள், எலும்பும் தோலுமான ஒரு சிறுமியின் படத்துக்கு முன்னால், மடியிலிருந்த அரிசியில் ஒரு பிடி வைத்துக் கும்பிட்டாள்.

"ஏத்தா, அந்தப் புள்ள உசுரோட இருக்கு. அதுக்கு அரிசி அனுப்பத்தான் இத மாட்டியிருக்கோம்" என்றார் வாத்தியார்.

"உசுரோட இருக்கா? அப்ப ஒரு பிடி எப்படிய்யா பத்தும்?" மடியை அப்படியே உதறிவிட்டாள்.

"ராத்திரிக் கஞ்சிக்கு என்ன பண்ணுவ?" என்றேன்.

"எனக்கென்னய்யா, நான் இன்னும் படத்துக்கு வரலையே!"

இதே பஞ்சத்தைப் பேப்பரில் படித்து, அதே பேப்பரில் பஜ்ஜி மடித்துத் தின்றவன் நான். எழுத்தறியாதவளின் மடியை ஒரு படம் அவிழ்த்துவிட்டது. எடுத்த மகராசன் கை நன்றாக இருக்கட்டும்.

கிளம்பும்போது, அந்தச் சிறுமி இப்போது எப்படி இருக்கிறாள் என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? படம் எடுத்தே ஆறு மாசமாச்சு" என்றார்.